வீட்டின் உட்புறமும் வாழ்வோரின் அளவும்



புதிதாக எழும்பிய அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வீடு வாங்கியவர், சாவி கைக்கு வந்த வாரத்திலேயே ஆசாரியையும் வர்ணக்காரரையும் உட்புற அமைப்பு நிபுணரையும் வரவழைத்து, கூடத்துக் கூரையில் எத்தனை வரிசை விளக்கு, தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பின்னால் எந்த நிறப் பலகை, சமையலறை அலமாரிக் கதவுகளுக்குப் பளபளப்பான மைக்காவா மங்கலான மைக்காவா என்றெல்லாம் ஊக்கத்தோடு விவாதிக்கத் தொடங்கிவிடுகிறார். ஆனால் அந்த வீட்டில் விடியற்காலையில் முதலில் எழுந்து அடுப்பைப் பற்றவைக்கப் போகிறவர் யார், அவருடைய உயரம் எவ்வளவு, மாவு அரைக்கும் கிரைண்டர் எங்கே நிற்கும், 20 லிட்டர் குடிநீர்க் கேனை யார் தூக்கி எந்த உயரத்தில் வைப்பார் என்னும் வினாக்களை அந்தச் சபையில் பெரும்பாலும் எவரும் எழுப்புவதில்லை. இக்காலத்து இல்லங்களின் உட்புற அமைப்பைப் பற்றிப் பேசுமாறு இச்சங்கத்தார் என்னைப் பணித்தார்கள். இன்று நாம் நவீனம் என்று போற்றுகிற உட்புற அமைப்பு ஆதியில் இத்தகைய வினாக்களிலிருந்தே பிறந்தது என்பதும், அதன் முகத்தோற்றத்தை மட்டும் ஆவலோடு இறக்குமதி செய்துகொண்ட நாம், அதைப் பிறப்பித்த அளவெடுக்கும் பழக்கத்தை உடன் கொண்டுவர மறந்துவிட்டோம் என்பதுமே இன்று மாலை நான் உங்கள்முன் வைக்க விரும்பும் கருத்து.

முதலாம் உலக யுத்தம் ஓய்ந்த பின்னர் ஜெர்மனியின் நகரங்களில் வீட்டுப் பஞ்சம் தலைவிரித்தாடிற்று. சமைப்பது, உண்பது, குளிப்பது, துணி உலர்த்துவது, இரவில் உறங்குவது ஆகிய அனைத்தையும் அடுப்பெரியும் ஒரே அறைக்குள் நடத்திவந்த தொழிலாளர் குடும்பங்கள் ஏராளம். இந்நிலையை மாற்ற முற்பட்ட பிராங்க்பர்ட் நகரசபை, 1925-இல் எர்ன்ஸ்ட் மே என்ற கட்டடக் கலைஞரிடம் நகர நிர்மாணப் பொறுப்பை ஒப்படைத்தது. ‘புதிய பிராங்க்பர்ட்’ என்று பெயர்பெற்ற அத்திட்டத்துக்கு அவர் வியன்னாவிலிருந்து வரவழைத்துக்கொண்டவர் மார்கரெட்டே லிஹோட்ஸ்கி என்னும், முப்பது வயதும் நிரம்பாத பெண்மணி. மணமான பின்பு ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெயரால் உலகம் அறிந்தவர். 1926-இல் அவர் வகுத்தளித்த சமையலறைதான், நம் ஊர்க் கடைகளில் ‘மாடுலர் கிச்சன்’ என்று அடிக்கணக்கில் விலை பேசப்படும் பொருளுக்கு மூதாதை.

அதன் அகலம் 1.9 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. நீளம் ஏறக்குறைய 3.4 மீட்டர். நம் கணக்கில் 6 அடிக்கு 11 அடி என்று வைத்துக்கொள்ளலாம். இடத்தின் சிக்கனம் ஒரு காரணமே. ஆழ்ந்த காரணம் வேறொன்று உண்டு. தொழிற்சாலையில் தொழிலாளியின் ஒவ்வோர் அசைவையும் கணக்கிட்டு வீணானவற்றை விலக்கும் டெய்லர் முறையை, அமெரிக்காவில் கிறிஸ்டீன் பிரெடெரிக் என்ற அம்மையார் வீட்டு வேலைக்குப் பொருத்தி 1913-இல் ஒரு நூல் வெளியிட்டிருந்தார். அடுப்பு ஒரு மூலையிலும் தொட்டி மறு மூலையிலும் சாமான் அலமாரி இன்னோரிடத்திலும் இருந்தால், ஒரு வேளைச் சமையலுக்குள் ஒருத்தி எத்தனை முறை குறுக்கும் நெடுக்கும் நடக்கிறாள் என்பதைக் கோடுகளால் வரைந்து காட்டியவர் அவர். 1920-களின் தொடக்கத்தில் ஜெர்மன் மொழிக்கு வந்த அந்நூலை லிஹோட்ஸ்கி ஊன்றிப் படித்தார். ஓடும் ரயிலின் உணவுப் பெட்டியில், நிற்பதற்கே போதாதென்று நாம் எண்ணக்கூடிய சிற்றறைக்குள் நின்றுகொண்டு, கைக்கெட்டும் தூரத்தில் எல்லாவற்றையும் வைத்து, பெட்டி நிறைந்த பிரயாணிகளுக்குச் சமைத்துத் தருகிறார்களே, அந்த ஏற்பாட்டையும் அவர் ஆராய்ந்தார். கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு காரியத்துக்கும் ஆகும் நேரத்தைக் குறித்தார்.

இவற்றின் பயனாக உருவான அறையைச் சற்று நிதானமாகச் சுற்றிப் பார்ப்போம். ஜன்னலுக்கடியில், இயற்கை வெளிச்சம் நேராக விழும் இடத்தில், காய் நறுக்கும் பலகை. அதன் முன் உயரத்தை மாற்றிக்கொள்ளத்தக்க சுழலும் முக்காலி, ஏனெனில் உட்கார்ந்து செய்யக்கூடிய வேலையை நின்று செய்வானேன் என்பது அவர் கேள்வி. நறுக்கிய தோலையும் காம்பையும் ஒதுக்கித் தள்ளினால் கீழே உள்ள இழுப்பறையில் விழும். மாவு வைக்கும் பெட்டிகள் மட்டும் ஓக் மரம். அம்மரத்தில் மாவுப் புழு அண்டாது என்பது காரணம். அரிசி, பருப்பு, சர்க்கரை போன்றவற்றுக்குச் சிறிய அலுமினியப் பெட்டிகள். கைப்பிடியைப் பற்றி உருவி, மூக்கின் வழியே வேண்டிய அளவு நேராகப் பாத்திரத்தில் கொட்டிவிட்டுத் திரும்பச் செருகிவிடலாம். சுவரில் மடிந்து கிடக்கும் இஸ்திரிப் பலகையை வேண்டும்போது இறக்கிக்கொள்ளலாம். கூரையில் உள்ள விளக்கு தண்டவாளம் போன்ற கம்பியில் நகரும். அலமாரிகளுக்கு நீலம் கலந்த பச்சை வர்ணம் பூசியதுகூட அழகுக்காக அன்று. அந்நிறத்தை ஈக்கள் அணுகா என்று அக்காலத்து ஆராய்ச்சியாளர் சிலர் கூறியதை நம்பிச் செய்தது. அடுப்பிலிருந்து அடுத்த அறையின் உணவு மேஜைக்கு 3 மீட்டருக்கு மேற்படாத தூரம். இடையே ஒரு தள்ளுகதவு, தாய் சமைத்துக்கொண்டே குழந்தையின்மீது ஒரு கண் வைத்திருப்பதற்கு. இப்படிப்பட்ட சமையலறைகள் ஏறக்குறைய 10,000 அந்நகரத்தில் பொருத்தப்பட்டன. அவற்றுக்கான செலவு வாடகையிலே சேர்ந்துவிட்டது.

குறைகள் இல்லாமலில்லை. அளவு ஒருவருக்கே எடுக்கப்பட்டிருந்தபடியால், இரண்டாமவர் உள்ளே வந்து கைகொடுக்க இடமில்லை. அடுப்பைச் சுற்றிக் கூடியிருந்து பழகிய குடும்பங்களில் பெண் தனித்துப் போனாள். அலுமினியப் பெட்டிகள் தாழ்வாக இருந்தமையால் குழந்தைகள் எளிதாக உருவிக் கொட்டின. மின்சார அடுப்பு வைத்த பகுதிகளில் கட்டணம் கட்டி மாளவில்லை என்ற முறையீடும் எழுந்தது. இவற்றுக்கெல்லாம் மேலாக, தாம் அதற்கு முன்பு குடித்தனம் நடத்தியதுமில்லை, சமைத்ததுமில்லை என்று அந்த அம்மையாரே பிற்காலத்தில் ஒளிவுமறைவின்றிச் சொன்னார். சமையல் அறியாதவர் சமையலறையை வகுத்தது பெரிய குற்றமென்று நான் கருதவில்லை. அறியாதவராக இருந்ததனால்தான், அறிந்தவர்கள் அலுத்துப்போய்க் கவனியாதுவிட்ட ஒவ்வோர் அசைவையும் அவர் கேட்டும் பார்த்தும் எழுதிக்கொண்டார். ஹிட்லருக்கு எதிரான இரகசிய இயக்கத்தில் பங்குகொண்டு 1941 முதல் 1945 வரை சிறைவாசம் அனுபவித்த இவர், 2000-இல் தமது 102-ஆம் வயதில் மறையும் வரையில், உலகம் தம்மை அந்த ஒரு சமையலறையைக் கொண்டே அடையாளம் காண்பதைக் குறித்துச் சலித்துக்கொண்டிருந்தார் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

ஒருவருடைய உடலுக்கு அளவெடுத்து வீட்டை அமைப்பதென்றால், அந்த ஒருவர் யார் என்ற கேள்வி உடனே பிறக்கிறது. பிரான்ஸ் தேசத்தில் லெ கொர்பூசியே என்ற கட்டடக் கலைஞர் இதற்கு விசித்திரமான விடையொன்று கண்டார். கதவு, மேடை, கூரை, படிக்கட்டு அனைத்துக்கும் பொதுவான அளவுகோல் ஒன்றை மனித உடலிலிருந்தே வடித்தெடுக்க முயன்ற அவர், முதலில் 1.75 மீட்டர் உயரமுள்ள மனிதனை ஆதாரமாகக் கொண்டார். பிறகு அதை 1.83 மீட்டர், அதாவது ஆறடி, என்று உயர்த்திவிட்டார். ஆங்கிலேயத் துப்பறியும் நாவல்களில் வரும் போலீஸ்காரர் முதலான கம்பீர புருஷர்கள் எப்போதும் ஆறடி உயரமாகவே இருப்பதைக் கவனித்ததில்லையா என்று அவருடைய சகா ஒருவர் சொன்னாராம். ஆறடி என்றால் அங்குலக் கணக்கும் மீட்டர்க் கணக்கும் அழகாகப் பொருந்தியும் விட்டன. அந்தப் போலீஸ்காரர் கையை உயர்த்தினால் எட்டும் உயரம் 2.26 மீட்டர், அதுவே கொர்பூசியே மார்செய் நகரில் எழுப்பிய, 1952-இல் முடிவுற்ற பெரிய குடியிருப்பின் அறைகளில் கூரையின் உயரமாயிற்று. 337 வீடுகள் கொண்ட அக்கட்டடத்தில் பாராட்டத்தக்கவை பல: வீடுகளிற் பெரும்பாலானவை கட்டடத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரையில் நீண்டு, இருபுறமும் காற்றும் வெளிச்சமும் பெறுகின்றன, தாழ்ந்த கூரைக்கு ஈடாகக் கூடத்தின் ஒரு பகுதி இரண்டு மாடி உயரம் திறந்திருக்கிறது, குழந்தைகளின் இரண்டு அறைகளை இணைக்கும் தள்ளுகதவே அவர்கள் எழுதி விளையாடும் கரும்பலகையுமாகிறது. ஷார்லொட் பெரியாண் என்ற அம்மையார் அங்கே வகுத்த சமையலறை, பிராங்க்பர்ட்டில் தனித்துப் போன பெண்ணை மீண்டும் குடும்பத்தோடு சேர்க்கும் பொருட்டு, இடுப்பளவு மேடையொன்றே எல்லையாகக் கூடத்தை நோக்கித் திறந்திருந்தது. நம்மவர் இன்று மோகம் கொண்டிருக்கும் திறந்த சமையலறைக்கு முன்னோடிகளில் அதுவும் ஒன்று. அங்கே வெண்ணெயில் வதக்கினார்கள். இங்கே காய்ந்த மிளகாயையும் பெருங்காயத்தையும் எண்ணெயில் தாளிக்கிறோம். சோபாவின் உறையைக் கேட்டால் வித்தியாசத்தைச் சொல்லும்.

ஜப்பானியர் சென்ற வழி எனக்கு இவ்விரண்டைக் காட்டிலும் உகந்தது. நிஷியாமா ஊஸோ என்ற அறிஞர், ஏழை எளியவர்களின் சிறு வீடுகளுக்குள் புகுந்து, அவர்கள் எங்கே உண்கிறார்கள், எங்கே உறங்குகிறார்கள் என்று வீடு வீடாக ஆராய்ந்தார். பாயை விரித்தால் படுக்கையறை, சுருட்டினால் கூடம் என்பது நம் வீடுகளைப் போலவே அவர்களுடைய வீடுகளிலும் வழக்கம்; ஆகையால் ஒரே அறையை எல்லாவற்றுக்கும் மாற்றி மாற்றி உபயோகிப்பார்கள் என்பதே அதுகாறும் நிபுணர்களின் நினைப்பாக இருந்தது. நிஷியாமா கண்டது வேறு. இடம் எவ்வளவு குறுகியதாயினும், முடிந்த மட்டும் உண்ணும் இடத்தை உறங்கும் இடத்தினின்று பிரித்துவைக்கவே அம்மக்கள் பாடுபட்டார்கள். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் 1951-இல் பொதுக் குடியிருப்புகளுக்கென டோக்கியோப் பல்கலைக்கழகத்தார் வகுத்த மாதிரி வீடு இக்கருத்தை ஏற்றுக்கொண்டது. ஏறக்குறைய 35 சதுர மீட்டரே உள்ள அவ்வீட்டில் சமையலறையைச் சற்று விரித்து, அங்கேயே மேஜை போட்டு உண்ணும் ஏற்பாட்டைச் செய்து, மற்ற இரண்டு அறைகளைப் படுக்கைக்கு விட்டார்கள். பின்னர் அந்நாட்டில் இலட்சக்கணக்கான வீடுகள் அந்த அச்சிலே வார்க்கப்பட்டன. மேடையின் உயரத்துக்கும் அவர்களிடம் ஓர் எளிய சூத்திரம் உண்டு: சமைப்பவரின் உயரத்தில் பாதி, அதனுடன் 5 சென்டிமீட்டர். இந்தச் சூத்திரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் நமக்கு வேண்டியிருக்கும்.

உடலின் அளவோடு பருவநிலையின் அளவையும் சேர்த்துக் கணக்கிட்ட ஒரு கட்டடம் நம் அருகிலேயே இருக்கிறது. புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்த ஆசிரமத்தைச் சேர்ந்த ‘கோல்கொண்டே’ விடுதியை உங்களிற் சிலர் வெளியிலிருந்தேனும் பார்த்திருப்பீர்கள். பொஹீமியாவில் பிறந்து, ஜப்பானில் தொழில் நடத்திவந்த அன்டோனின் ரேமண்ட் வகுத்த கட்டடம் அது. அவருடைய சகாக்களான ஜார்ஜ் நகஷிமாவும் பிரான்டிஷெக் ஸாமரும் உடனிருந்து வேலையை நடத்தினார்கள். ஹைதராபாத் சமஸ்தானத்தின் திவானாக இருந்த ஸர் அக்பர் ஹைதரியின் முயற்சியால் கிடைத்த நன்கொடையே அதன் பெயருக்குக் காரணம். 1930-களின் பிற்பகுதியில் தொடங்கிய வேலை யுத்த காலத்தின் தட்டுப்பாடுகளினூடே மெல்ல நகர்ந்து முடிந்தது.

அவ்விடுதியில் நாம் வழக்கமாகக் காணும் ஜன்னல்கள் இல்லை. அறையின் வெளிப்புறச் சுவர் முழுவதுமே சாய்வாக அடுக்கிய தகடுகளால் ஆனது. கைப்பிடியைத் திருப்பினால் அத்தகடுகள் திறந்தும் மூடியும் காற்று, மழை, வெயில் மூன்றையும் வேண்டிய அளவுக்கு உள்ளே விடுகின்றன, அல்லது தடுக்கின்றன. மறுபுறத்தில் நடைவழியை நோக்கிய கதவு, இடைவெளி விட்டு அடுக்கிய தேக்குச் சட்டங்களாலான தள்ளுகதவு. அதை மூடிய பிறகும் காற்று தங்குதடையின்றிச் செல்லும், ஆனால் வழியே போகிறவர் கண்ணுக்கு உள்ளே இருப்பவர் தென்படார். கூரைத் தளத்தின்மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகளை இடைவெளி விட்டுப் பரப்பியிருப்பதனால், வெயிலின் உஷ்ணம் நேராகக் கீழே இறங்குவதில்லை. நகஷிமா வகுத்த கட்டிலும் மேஜையும் நாற்காலியும் தேக்கு மரத்தாலானவை. பூவேலை, கொடிவேலை எதுவும் இல்லை. அவ்வறைகளில் அலங்காரம் என்று தனியாக எதையும் சுட்டிக்காட்ட முடியாது. ஆயினும் நம் நாட்டில் இருபதாம் நூற்றாண்டில் எழுந்த அழகிய உட்புறங்களைக் கணக்கெடுத்தால், என் அபிப்பிராயத்தில் அதற்கே முதலிடம்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். சமையல் மேடை பெரும்பாலும் 34 அங்குலம் முதல் 36 அங்குலம் வரை உயரமாகப் போடப்படுகிறது. ஐந்தடி உயரமுள்ள பெண்மணிக்கு மேற்சொன்ன ஜப்பானியச் சூத்திரத்தைப் பொருத்தினால் 81 சென்டிமீட்டர், அதாவது 32 அங்குலம் வருகிறது. இரண்டு அங்குலத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்று ஆசாரி கேட்பார். மேடையின்மேல் அடுப்பு ஒரு நாலங்குலம். அடுப்பின்மேல் குக்கரோ அடி கனத்த குழம்புப் பாத்திரமோ ஏறுகிறது. அதற்குள் கரண்டியை விட்டுக் கிளற வேண்டுமானால் முழங்கை தோளளவுக்கு எழும்புகிறது. ஆகையால் காய் நறுக்கும் பகுதி ஓர் உயரத்திலும், அடுப்பு வைக்கும் பகுதி அதைவிட மூன்று நான்கு அங்குலம் தாழ்ந்தும் இருப்பதே முறை. கருங்கல் பலகையை ஒரே மட்டமாக ஓட்டிவிட்டால் கண்ணுக்கு அழகு என்பார்கள். அந்த அழகுக்கான விலையைத் தோள்பட்டை கொடுக்கிறது.

மேலே மாட்டும் அலமாரிகளின் சங்கதி இன்னும் வேடிக்கை. கொர்பூசியேயின் போலீஸ்காரருடைய விகிதத்தையே ஐந்தடிப் பெண்ணுக்குப் பொருத்திப் பார்த்தால், கையை உயர்த்தி விரல் நுனி தொடும் உயரம் 1.88 மீட்டர், ஆறடி இரண்டங்குலம். அதற்குமேல் உள்ள தட்டுகளெல்லாம், பெயர் எதுவாயினும், நம் பழைய பரண்களே. வருஷத்துக்கொரு முறை இறக்கும் பண்டிகைப் பாத்திரங்களுக்கு அவை தகும், தினசரி எடுக்கும் பருப்பு டப்பாவுக்குத் தகா. கீழே, இழுத்தால் முழுதும் வெளியே வரும் இழுப்பறைகளை ஆழமாக அமைத்துவிட்டால் மேலே பாதி அலமாரி வேண்டியதில்லை. கிரைண்டருக்கும், 14.2 கிலோ எரிவாயு நிரம்பிய சிலிண்டருக்கும், குடிநீர்க் கேனுக்கும் முதலில் இடம் குறித்துவிட்டு, எஞ்சிய இடத்தில் அலமாரிகளை வகுக்க வேண்டும். நடைமுறையில் நடப்பதோ தலைகீழ். விலையுயர்ந்த அலமாரிகள் எல்லாம் பொருத்தி முடிந்த பிறகு, கிரைண்டர் பால்கனியில் துணி உலரும் கொடிக்கடியில் அடைக்கலம் புகுவதை எத்தனை வீடுகளில் நாம் பார்க்கிறோம்!

கூரைக்கு வருகிறேன். வசிக்கும் அறையின் உயரம் 2.75 மீட்டருக்குக் குறையலாகாது என்று நம் தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்கிறது. வெப்பநாட்டில் சூடான காற்று தலைக்குமேல் எழுந்து நிற்க இடம் வேண்டும், மின்விசிறிக்கும் இடம் வேண்டும். கட்டடக்காரர் அந்த 2.75-ஐயோ அதற்குச் சற்றே மேலான அளவையோ கொடுக்கிறார். நாம் செலவு செய்து ‘ஃபால்ஸ் சீலிங்’ என்ற பொய்க் கூரையை அதற்கடியில் ஒரு சாண் தாழ்த்திக் கட்டிக்கொள்கிறோம். பெரிய அலுவலகங்களில் குளிர்காற்றுக் குழாய்களையும் மின்கம்பிகளையும் மறைப்பதற்குப் பயன்படும் ஏற்பாடு அது. மறைப்பதற்கு ஒன்றுமில்லாத நம் கூடத்துக்கு, விளக்குகளைப் புதைத்துவைக்கும் ஆசை ஒன்றினாலேயே வந்து சேர்ந்தது. வெளிச்சம் வேண்டுமானால், வேலை நடக்கும் இடத்தில், வேலை செய்பவரின் நிழல் வேலையின்மேல் விழாதபடி, அலமாரிக்கு அடியில் ஒரு நீண்ட விளக்கைப் பொருத்துங்கள். கூரையின் நடுவிலுள்ள விளக்கு எவ்வளவு பிரகாசமாயினும், மேடையை நோக்கி நிற்பவரின் தலை அதை மறைத்துவிடுகிறது.

காற்றைப் பற்றி ஒரு சொல். பழைய வீடுகளில் கதவுக்கு மேலே இருந்த வென்டிலேட்டர் அடுக்குமாடி வீடுகளிலிருந்து சந்தடியின்றி மறைந்துவிட்டது. ஒரு பக்கம் மட்டுமே ஜன்னலுள்ள அறையில் கதவையும் சாத்திவிட்டால் காற்று உள்ளே வந்து வெளியேற வழி இல்லை. கோல்கொண்டேயின் தேக்குக் கதவை அப்படியே செய்துகொள்ள எல்லோராலும் இயலாது. ஆயினும் கதவின் மேற்பகுதியிலோ கீழ்ப்பகுதியிலோ ஓரடி உயரத்துக்குச் சாய்பலகைகள் அடுக்குவது எந்த ஆசாரிக்கும் கைவந்த வேலை. குளிர்சாதனம் ஓடும் அறையாயின் மூடிக்கொள்ளத்தக்கதாக அமைக்கலாம். நிலைப்பேழையை ஜன்னலின் பாதியை மறைத்து நிறுத்தாதிருந்தாலே பாதிக் காரியம் முடிந்துவிடும்.

இவ்வளவையும் கேட்ட பின், ஒருவருடைய உயரத்துக்கு அளவெடுத்து அமைத்துவிட்டால் நாளை வீட்டை விற்கும்போது வாங்குபவரின் உயரம் வேறாயிருக்குமே என்று சிலர் ஆட்சேபிக்கக்கூடும். விற்கப்போகும் அந்த ஒரு நாளைக்காக இருபது வருஷம் தோள்வலியோடு சமைப்பது என்ன சிக்கனம் என்று எனக்கு விளங்கவில்லை. இன்னொரு ஆட்சேபம் இதைவிட வலிமையுள்ளது: நம் வீடுகளில் சமைப்பவர் ஒருவர்தானா? மாமியார் ஐந்தடிக்கும் குறைவு, மருமகள் ஐந்தரை அடி, ஞாயிற்றுக்கிழமைகளில் மகனும் கரண்டி பிடிக்கிறான். இதற்கும் இரண்டு மட்டமுள்ள மேடையே விடை. தாழ்ந்த பகுதியில் ஒருவரும் உயர்ந்த பகுதியில் ஒருவருமாக இருவர் சேர்ந்தாற்போல் நிற்கவும் இடம் கிடைக்கும். பிராங்க்பர்ட்டில் விட்டுப்போனது அதுதான்.

பெருநகரத்து அடுக்குமாடி வீடுகள் பலவற்றில் இன்று அடுப்படியில் நிற்பவர் வீட்டுக்காரரோ அவர் மனைவியோ அல்லர். காலையில் வந்து இரண்டு மணி நேரத்தில் இரு வேளைக்கும் சமைத்து வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிற அம்மாள். மேடை போடும் நாளில் அவரையும் அழைத்து, செருப்பின்றி வெறுந்தரையில் நிறுத்தி, முழங்கையை மடக்கச் சொல்லி, அதற்கு நாலைந்து அங்குலம் கீழே சுவரில் ஒரு கோடு போட்டுக்கொள்ளும்படி ஆசாரியிடம் சொல்லுங்கள். அதற்கென்று ஆசாரி தனிக் கூலி கேட்க மாட்டார்.